பிள்ளையின் சொல்லும் புனைகதை அறிக்கையும்

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரொன்றிலே, மூன்றாந் தரத்திலும் நான்காந் தரத்திலும் கற்கும் பிள்ளைகள் எழுதும் நூலறிக்கை பற்றிக் கட்டுரை வரைவது சிலருக்கு வியப்பளிக்கலாம். இலக்கணமும் திறனாய்வும் பேசப்படும் பக்கங்களில், கதைப் புத்தகமொன்றை வாசித்துவிட்டுக் கொப்பியிற் பத்து வரி எழுதும் சிறுவருக்கு என்ன இடம் என அவர்கள் வினவலாம். ஆயின், நமது விரிவுரை மண்டபங்களில் அடிக்கடி கேட்கும் குறைபாடொன்றை இங்கு நினைத்துப் பார்த்தல் தகும். நாவலொன்றைப் பற்றி எழுதுமாறு பணித்தால், மாணவர் கதைச்சுருக்கத்தை எழுதுகின்றனர். திறனாய்வாளர் ஒருவரின் கூற்றைத் தமது கூற்றாக வைக்கின்றனர். ஈற்றில் ‘இது சிறந்த நாவலாகும்’ என முடிக்கின்றனர். தாம் வாசித்தபோது தமக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதுவோர் சிலரே. இந்நோயின் வேர் பல்கலைக்கழகத்தில் இல்லை. அது ஆரம்பப் பிரிவு வகுப்பறையில், முதலாவது நூலறிக்கை எழுதப்படும் நாளிலேயே ஊன்றப்படுகின்றது என்பது எனது எண்ணம்.

இவ்வெண்ணம் எனக்கு உடையார்கட்டிலே தோன்றியது. பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவைக் கடந்து புதுக்குடியிருப்பை நோக்கிச் செல்வோர் காணும் ஊர் அது. ‘உடையார்’ என்பது பழைய நிருவாகப் பதவியொன்றின் பெயர். ‘கட்டு’ என்பது குளத்தின் கட்டு. ஊர்ப்பெயரே ஒரு கதையின் தலைப்பைப் போன்றது. குளமும், குளத்தை நம்பிய வயலும், வயலுக்கு அப்பாற் காடுமாக அமைந்த அவ்வூரின் பெயர் 2009 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் வேறொரு காரணத்தால் வெளியுலகிற் பேசப்பட்டது. அம்மாதம் 21 ஆந் திகதி அரசாங்கம் அறிவித்த பாதுகாப்பு வலயத்துள் உடையார்கட்டும் அடங்கியிருந்தது. அவ்வலயத்துள்ளேயும் எறிகணைகள் வீழ்ந்தன. மக்கள் மீண்டும் பெயர்ந்து கிழக்கே கடற்கரையை நோக்கிச் சென்றனர். வீடுகளோடு வீட்டிலிருந்த புத்தகங்களும் போயின. மீளக் குடியேறியவர்கள் கூரையையும் கிணற்றையும் முதலிற் சீர்செய்தனர். புத்தகம் பின்னரே வந்தது. இன்றும் வேண்டிய அளவுக்கு வந்துவிடவில்லை.

விடுமுறைக் காலங்களில் அங்குள்ள உறவினர் வீட்டிலே தங்கும்போது, அயலிலுள்ள பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக் கதை வாசிப்பது எனது வழக்கம். அவர்கள் பாடசாலைக்காக எழுதிய நூலறிக்கைகளை என்னிடம் கொண்டுவந்து காட்டுவர். ஒரு முறை நான்கு பிள்ளைகளின் கொப்பிகளை ஒன்றாக வைத்து வாசித்தேன். நூலின் பெயர், ஆசிரியர் பெயர், கதைச்சுருக்கம், ‘இக்கதையால் நாம் அறியும் நீதி’ என்னும் நான்கு தலைப்புகள் நான்கிலும் இருந்தன. சுருக்கம் நான்கிலும் ஒன்றே, நீதியும் ஒன்றே. எழுத்துப்பிழை மட்டுமே ஆளுக்காள் வேறுபட்டது. கரும்பலகையிலிருந்து பெயர்த்தெழுதப்பட்ட அவ்வறிக்கைகளில் எந்தப் பிள்ளையையும் காணமுடியவில்லை.

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்திலே மாணாக்கரை எட்டு வகையாக உவமித்தார். அன்னமும் பசுவும் தலைமாணாக்கருக்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கருக்கு. ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் கடைமாணாக்கருக்கு. கிளி சொன்னதைச் சொல்லும். நெய்யரியோ நெய்யைப் போகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும். நான் கண்ட அறிக்கைகள் இவ்விரண்டின் இயல்பையும் கொண்டிருந்தன. சொல்லிக்கொடுத்ததை அவை திரும்பச் சொல்லின; கதையின் சுவையைப் போகவிட்டு, ஈற்றிலே தங்கிய ஒரு வரி நீதியைப் பிடித்துக்கொண்டன. இதற்குப் பிள்ளைகளைக் குறைகூற இயலாது. ஐந்தாந் தரத்துப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்றாந் தரத்திலேயே விழுந்துவிடும் இந்நாட்டில், ‘சரியான விடை’ என ஒன்று உண்டு என்றும் அது பிறரிடம் இருக்கின்றது என்றும் பிள்ளை விரைவிற் கற்றுக்கொள்கின்றது.

நூலறிக்கை என்பது மேனாட்டிலிருந்து வந்த பயிற்சி எனச் சிலர் கருதுவர். நூலொன்றை அறிமுகஞ் செய்யும் ஒழுங்கு நமக்குப் புதியதன்று. பாயிரத்தில் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டும் கூறப்படவேண்டும் என நன்னூல் விதிக்கின்றது. காலம், களம், காரணம் என்னும் மூன்றையுஞ் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்கின்றது. யார் எழுதியது, எதைப் பற்றியது, யாருக்காக, என்ன பயன் என்னும் வினாக்களை எட்டு வயதுப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும். ஆயின் பாயிரத்துக்கும் அறிக்கைக்கும் இடையே வேறுபாடொன்று உண்டு. சிறப்புப்பாயிரஞ் செய்வோர் நூலாசிரியனின் ஆசிரியர், அவனோடு ஒருங்கு கற்றவர், அவனுடைய மாணாக்கர், தகுந்த உரைகாரர் என்போர். அவர்கள் நூலுக்கு வேண்டியவர்கள். நூலைச் சிறப்பிப்பதே அவர்தம் பணி. அறிக்கை எழுதும் பிள்ளையோ நூலாசிரியருக்கு எவ்விதக் கடப்பாடும் இல்லாத வாசகர். ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று எழுத அதற்கு உரிமை உண்டு. ‘ஏனென்றால்’ என்று தொடங்கி ஒரு காரணத்தைச் சொல்லவேண்டியதே அதன் கடமை.

அவ்வாறாயின், ஆரம்பப் பிரிவு மாணவர் புனைகதை பற்றிய அறிக்கையொன்றை எவ்வாறு ஆயத்தஞ் செய்யவேண்டும்? என் அனுபவத்திற் பயன்தந்த ஒழுங்கை இங்கு கூறுகின்றேன்.

முதலாவது, தெரிவு. நூலைப் பிள்ளையே தெரிவுசெய்தல் வேண்டும். ஐந்து நூல்களே உள்ள இடத்திலும் ஐந்தில் ஒன்றைத் தெரிவது தெரிவேயாகும். ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கச் செய்தால், நூல் அப்பிள்ளைக்கு ஏற்றதா என்பது தெரிந்துவிடும். வரிக்கு வரி தடுக்கினால் அந்நூல் அடுத்த ஆண்டுக்கு உரியது.

இரண்டாவது, வாசிப்பு. முதல் வாசிப்பிலே பென்சிலைக் கையில் எடுக்கலாகாது. கதை எங்கே போகின்றது என்று அறியும் ஆவலோடு வாசிப்பதே முதல் வாசிப்பு. அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாற் 1938 ஆம் ஆண்டு தொடக்கம் தாம் எழுதிய நூல்களில் இதனை வற்புறுத்தினார். தகவலை எடுத்துச் செல்வதற்காக வாசிப்பது ஒன்று, வாசிக்கும் வேளையில் உள்ளே வாழ்வது மற்றொன்று என்றும், இலக்கியம் வாசகரும் நூலும் சந்திக்கும் இடத்திலேயே பிறக்கின்றது என்றும் அவர் கருதினார். கேள்விக்கொத்தைக் கையிற் கொடுத்துவிட்டுக் கதையை வாசிக்கச் சொல்வது, விருந்துக்கு வந்தவரிடம் முதலிற் கறிகளின் பெயரை எழுதித் தருமாறு கேட்பது போன்றதாகும். இரண்டாம் வாசிப்பின்போது பிடித்த இடத்தில், விளங்காத இடத்தில், நம்பமுடியாத இடத்தில் சிறு கடதாசித் துண்டொன்றை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, சொல்லல். எழுதுவதற்கு முன்னர் கதையை, அதனை அறியாத ஒருவருக்குப் பிள்ளை வாயாற் சொல்லவேண்டும். ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் காற்பங்கே கிட்டும், உடன் கற்போரோடு பயில்வதால் இன்னொரு காற்பங்கு கிட்டும், பிறருக்கு எடுத்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கும் நிறையும் என்பது நன்னூலார் கணக்கு. உடையார்கட்டிலே இதற்கு ஏற்றவர்கள் அம்மம்மாமாரே. அவர்கள் இடைமறித்துக் கேட்பார்கள். “அவன் ஏன் அங்க போனவன்?” என்ற கேள்வி அவர்களிடமிருந்து இயல்பாக வரும். ‘பிறகு, பிறகு’ என்று நிகழ்ச்சிகளை அடுக்கிவந்த பிள்ளை அக்கேள்விக்கு முன் நின்று சிந்திக்கின்றது. ஈ. எம். போஸ்ரர் 1927 ஆம் ஆண்டு வெளிவந்த தமது நாவல் பற்றிய நூலிலே, கால ஒழுங்கில் நிகழ்ச்சிகளைக் கூறுவதைக் கதை என்றும், காரணத்தாற் பிணைத்துக் கூறுவதைக் கதைப்பின்னல் என்றும் பிரித்துக் காட்டினார். ‘பிறகு’ என்னுஞ் சொல்லிலிருந்து ‘ஆனபடியால்’ என்னுஞ் சொல்லுக்குப் பிள்ளையை நகர்த்துவதற்கு அம்மம்மாவின் ஒரு கேள்வி போதுமாயிற்று.

நான்காவது, குறிப்பு. யாருடைய கதை? எங்கே நடக்கின்றது? அவருக்கு என்ன வேண்டும்? அதற்கு என்ன தடை? ஈற்றில் என்ன மாறிற்று? இவ்வைந்துக்கும் ஒவ்வொரு வரி எழுதினால், சுருக்கம் தானாகவே அமைந்துவிடும். ‘என்ன வேண்டும்’ என்னும் வினாவே இவற்றுள் முதன்மையானது. பாத்திரமொன்றின் விருப்பத்தை அறிந்த பிள்ளை அதன் செயல்களைத் தொடர்பற்ற துண்டுகளாகக் காணாது.

ஐந்தாவது, ஒரே ஓர் இடம். கதை முழுவதிலும் பிள்ளையின் மனத்திலே தங்கிய ஓரிடத்தைத் தெரிந்து, அது ஏன் தங்கியது என்று எழுதச் சொல்லவேண்டும். பின்வரும் கருத்துக்குச் சான்றாக அமைவது இவ்விடமே.

இவற்றின் பயனை ஓர் எடுத்துக்காட்டாற் கூறுவேன். பஞ்சதந்திரத்துக் குரங்கும் முதலையும் கதையை நாம் யாவரும் அறிவோம். தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திர வசன நூல் 1826 ஆம் ஆண்டு வெளிவந்த காலந்தொட்டுத் தமிழ்ப் பிள்ளைகள் உரைநடையில் அதனை வாசித்து வருகின்றனர். நாவல் மரத்துக் குரங்கு முதலைக்குப் பழம் கொடுக்கின்றது. முதலையின் மனைவி குரங்கின் இதயத்தைக் கேட்கின்றாள். நடுநீரில் உண்மையை அறிந்த குரங்கு, இதயத்தை மரத்திலே வைத்துவிட்டு வந்ததாகக் கூறித் தப்புகின்றது. இக்கதையை நாங்கள் வாசித்தபோது நான்காந் தரத்துச் சிறுவன் ஒருவன், “அக்கா, எங்கட குளத்து முதலை நாவற்பழம் தின்னாது” என்றான். முதலை என்பது அவனுக்குப் படத்திலே கண்ட விலங்கன்று. குளத்தில் எங்கே இறங்கலாம், எங்கே இறங்கக்கூடாது என்பதை முதலையை வைத்தே அறிந்து வளர்ந்தவன் அவன். அவன் கூறியது முற்றிலும் உண்மை. அப்பொழுது அவனைவிட இளையவளான சிறுமி ஒருத்தி, “அது கதையில வாற முதலை” என்றாள்.

புனைகதை என்றால் என்ன என்பதற்கு இதனினுஞ் சுருக்கமான விளக்கத்தை நான் அறியேன். புனைகதை அறிக்கைக்கும் ஏனைய அறிக்கைகளுக்கும் உள்ள வேறுபாடு இங்குதான் பிறக்கின்றது. முதலையைப் பற்றிய தகவல் நூலுக்கு அறிக்கை எழுதினால், சிறுவனின் கூற்று நூலைத் திருத்தும். கதைக்கு அறிக்கை எழுதும்போதோ, அது ஒரு வினாவாக மாறுகின்றது: முதலை பழம் தின்னாது என்று கதைசொல்லிக்கும் தெரிந்திருக்குமே, தெரிந்தும் ஏன் அவ்வாறு புனைந்தார்? அன்று பிள்ளைகள் நெடுநேரம் விவாதித்தனர். பழம் இல்லாவிட்டால் இருவரும் நண்பர்களாக முடியாது என்ற முடிவுக்கு வந்தனர். புனைவுக்கு ஒரு நோக்கம் உண்டு என்பதை அவர்களாகவே கண்டுகொண்டனர்.

அவ்வுரையாடலின் பின்னர் அச்சிறுமி எழுதிய அறிக்கையை, எழுத்துப்பிழைகளை மட்டும் நீக்கி, இங்கு தருகின்றேன்:

“இது ஒரு குரங்கின் கதை. அது நாவல் மரத்தில் தனியாக இருந்தது. அதற்கு ஒரு நண்பன் வேண்டும். முதலை வந்தபடியால் அதற்குப் பழம் கொடுத்தது. முதலையின் மனைவி குரங்கின் இதயத்தைக் கேட்டபடியால் முதலை குரங்கை முதுகில் ஏற்றிக்கொண்டு போனது. நடுத் தண்ணீரில் உண்மையைச் சொல்லிவிட்டது. குரங்கு, இதயத்தை மரத்தில் வைத்துவிட்டேன் என்று பொய் சொல்லித் தப்பியது. எனக்கு மனதில் நிற்கும் இடம் முதலை உண்மையைச் சொன்ன இடம். ஏனென்றால் சொல்லாமல் இருந்திருந்தால் குரங்குக்கு ஒன்றும் தெரியாது. முதலைக்கும் கொல்ல விருப்பம் இல்லை என்று நினைக்கிறேன். குரங்கு தப்பியது நல்லது. ஆனால் இனி அது பழத்தை யாருக்குக் கொடுக்கும்?”

இவ்வறிக்கையில் நீதி என்னும் தலைப்பு இல்லை. ‘ஆபத்தில் அறிவே துணை’ என்ற வரியை அச்சிறுமி எழுதவில்லை. ஆனால் முதலை உண்மையைக் கூறிய செயலைச் சான்றாகக் கொண்டு அதன் உள்ளத்தை அவள் ஊகித்தாள். கதை வெற்றியாக முடிக்கும் இடத்திலே ஓர் இழப்பைக் கண்டாள். நூலிலிருந்து சான்று காட்டிக் கருத்துரைத்தல், எழுதப்பட்ட முடிவுக்கு அப்பாலுஞ் சென்று வினவுதல் என்னும் இரண்டுமே நாம் இப்பல்கலைக்கழகத்திற் பயில முயலும் திறனாய்வின் அடிப்படைகள். இவற்றுக்கு ஒன்பது வயது போதும். நீதி வேண்டாம் என்பது எனது வாதமன்று. நாவலர் பெருமானின் பாலபாடங்கள் தொட்டு நமது சிறுவர் நூல்களில் நீதிக்கு உரிய இடம் இருந்து வந்துள்ளது. பிள்ளை கதைக்குள் நடந்துசென்று கண்டடைந்த நீதியாக அது இருக்கட்டும் என்பதே வேண்டுகோள்.

இங்கு முக்கியமான எச்சரிக்கை ஒன்றையுங் கூறவேண்டும். நூலறிக்கை பற்றிய கைந்நூல்களிலே, ‘இக்கதையை உன் வாழ்க்கையோடு தொடர்புபடுத்துக’ என்னும் படி தவறாது காணப்படும். அமைதியான நாடொன்றின் வகுப்பறையில் அது நல்ல வினாவே. உடையார்கட்டில் அதே வினாவின் பாரம் வேறு. இன்று ஆரம்பப் பிரிவிற் கற்கும் பிள்ளைகள் யாவரும் 2009 இன் பின்னர் பிறந்தவர்கள். போரை அவர்கள் காணவில்லை. ஆயினும் சுவரிலே மாலையிட்ட படங்கள் தொங்கும் வீடுகளில் அவர்கள் வளர்கின்றனர். சில பெயர்களைச் சொன்னதும் தாயின் முகம் மாறுவதை அவர்கள் அறிவர். ‘உனக்கு நெருங்கிய ஒருவரைப் பிரிந்த அனுபவத்தை எழுதுக’ என்று ஐந்து புள்ளிக்காகக் கேட்பதற்கு எவருக்கும் உரிமை இல்லை. அவ்வாறு எழுதப்பட்டதைச் சிவப்பு மையால் திருத்துவதற்கு எந்தக் கையும் கூசவேண்டும்.

அதற்கு மாற்றாக, வினாவைக் கதைக்குள்ளேயே வைத்துக் கேட்கலாம். “மறுநாட் காலையில் அந்தக் குரங்கு என்ன செய்திருக்கும்?” என்று கேட்டால் போதும். குரங்கைப் பற்றி மட்டும் பேச விரும்பும் பிள்ளை குரங்கைப் பற்றிப் பேசும். குரங்கின் பெயரால் வேறொன்றைச் சொல்ல விரும்பும் பிள்ளை அதனையுஞ் சொல்லும். எது எது என்று நாம் துருவவேண்டியதில்லை. மனிதர் தம்மைப் பற்றி நேரே சொல்லமுடியாதவற்றைப் பிறிதொருவர் மேல் ஏற்றிச் சொல்வதற்காகவே புனைகதையைக் கண்டனர் எனலாம். அத்திரையைக் கிழித்துவிட்டுக் கதையைக் கற்பிப்பதாகக் கூறுவது முரணாகும்.

எழுதி முடித்த அறிக்கையைத் திருத்தும் முறை பற்றியும் ஒரு சொல். முதலிற் கருத்தைப் பற்றிப் பேசவேண்டும். எழுத்துப்பிழை இரண்டாம் நாளுக்குரியது. “முதலைக்குக் கொல்ல விருப்பமில்லை என்று எழுதியிருக்கிறாய், எதை வைத்துச் சொல்கிறாய்?” என்று கேட்கும் ஆசிரியர், தமது சொல் வாசிக்கப்பட்டது என்பதைப் பிள்ளைக்கு உணர்த்துகின்றார். ‘எங்கட’ என்று எழுதினால் ‘எங்களுடைய’ என்பதைக் கற்பிக்கலாம். ஆனால் ‘எங்கட’ என்பது பிழையான தமிழ் என்று கூறலாகாது. ஒன்று வீட்டின் மொழி, மற்றொன்று ஏட்டின் மொழி என்று கூறினால் பிள்ளை விளங்கிக்கொள்ளும். தண்ணிமுறிப்பைக் களமாகக் கொண்டு அ. பாலமனோகரன் எழுதிய ‘நிலக்கிளி’ 1973 ஆம் ஆண்டு வெளிவந்தபோது, வன்னி மண் தமிழ் நாவலுக்குள் தனக்கென ஓரிடம் பெற்றது. வட்டார வாழ்வையும் வழக்கையும் இலக்கியமாகப் போற்றி ஆய்வுரை எழுதும் நாம், அதே வழக்கு ஒரு பிள்ளையின் கொப்பியில் வரும்போது முகஞ் சுளிப்பது பொருந்தாது.

பத்துப் பிள்ளைக்கு ஒரு நூல் என்ற நிலையில் இவையெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று கேட்கப்படலாம். ஒரு நூலை ஒருவர் வாய்விட்டு வாசிக்க, பத்துப் பேருங் கேட்கலாம். பத்து அறிக்கைகளும் பத்து விதமாக அமையும். அவை வேறுபடுவதைப் பிள்ளைகளே கேட்டு வியப்பது அப்பயிற்சியின் சிறந்த பகுதி. ஒவ்வோராண்டும் ஒற்றோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகின்றது. அம்மாதத்திற் போட்டிகள் நடத்துவதோடு, பிள்ளைகள் தம் அறிக்கைகளை ஊர் நூலகத்திலே பெற்றோர் முன் வாசிக்கவும் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாம். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் ஈழத்துச் சிறுவர் நூல்கள் பல படிக்கக் கிடைக்கின்றன. அவற்றை அச்சிட்டு எடுத்துச் செல்வது, விடுமுறைக்கு ஊர் செல்லும் பல்கலைக்கழக மாணவர் எவருக்கும் இயன்ற சிறு பணியாகும்.

நூல்களை இழந்த ஊருக்கு நூல்களைக் கொண்டுசெல்லலாம். அவற்றை வாசித்துத் தன் சொல்லாற் பேசும் வாசகரை வெளியிலிருந்து கொண்டுசெல்ல முடியாது. அவர் அங்கேயே, எட்டு ஒன்பது வயதிலே உருவாகவேண்டும். கரும்பலகையைப் பார்த்து எழுதிய நூறு அறிக்கைகளைவிட, ‘ஏனென்றால்’ என்று ஒரு பிள்ளை தானாக எழுதிய ஒரு வரி பெறுமதியானது. தாம் கண்டதைத் தாமே சொல்லும் ஆற்றலுள்ள தலைமுறையொன்றை வேண்டி நிற்கும் நமது சமூகம், அந்த ஒரு வரியை எழுதுவதற்கு வேண்டிய பொழுதையும் பொறுமையையும் பிள்ளைகளுக்கு வழங்கவேண்டும் என்பதே எனது துணிபு.